அடித்தவனும் பிடித்தவளும்

1

முசிறிப் பக்கம் இருக்கும் என் அண்ணன் பிள்ளைகளுக்கும், அவர்களோடு கூட உட்கார்ந்து இதை வாசிக்கப்போகும் மற்றப் பிள்ளைகளுக்கும், கடல் தாண்டி பதுளைச் சீமையில் இருக்கும் உங்கள் சித்தப்பன் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் வாத்தியாரிடம் காட்டாமல் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நேற்று வருஷப் பிறப்பு. உங்களுக்கும்தான். ஆனால் இங்கே ஒரு விசேஷம் உண்டு. நமக்கும் சிங்களவர்களுக்கும் புது வருஷம் ஒன்றாகவே பிறக்கிறது. அதனால் தோட்டத்திலும் வேலை இல்லை, பக்கத்துக் கிராமத்திலும் வேலை இல்லை. விடியும் முன்னே தப்பு அடித்து எழுப்பி, ஆட்களை வரிசையாய் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதைப் பெரட்டு என்பார்கள். அந்தப் பெரட்டு இல்லாத காலையில் மலை வேறு மலையாகத் தெரியும். தேயிலைச் செடிக்குக்கூட அன்றைக்கு நம்மைத் தெரியாது போல இருக்கும்.

மத்தியானம் லயத்துக்கு முன்னால் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாய்க் கட்டிய அறைகள்; அதில் ஒரு அறையில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். என் மகள் வள்ளி அழுதுகொண்டே உள்ளே வந்தாள்.

"என்னைய அடிக்கவே விட மாட்டேங்கிறாங்கப்பா. பந்து பொறுக்கவே நிப்பாட்டுறாங்க."

அவள் அண்ணன் ராசு வாசலில் நின்று பதில் சொன்னான். "அவளுக்கு அடிக்கத் தெரியாதுப்பா. அடிக்கிறவன்தான் ஜெயிக்க வைப்பான். புடிக்கிறதுக்கு யாரு வேணா நிக்கலாம்."

"ஏன்டா, புடிக்கிறது லேசா?"

"லேசுதான். சும்மா நின்னாப் போதும்."

சொல்லிவிட்டு ஓடிப்போனான். ஓடும்போது கூட்டாளியைப் பார்த்து, "துவன்ன! துவன்ன!" என்று கத்தினான். சிங்களத்தில் ஓடு என்று அர்த்தம். ஓட்டத்தை எண்ணும்போதும் எக்காய், தெக்காய் என்றுதான் எண்ணுகிறான். தமிழில் எண்ணச் சொன்னால் எண்ணுவான். பத்துக்கு மேலே போனால் நாக்கு தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். நான் கண்டிப்பதில்லை. அவன் நினைவெல்லாம் இந்த மலையில் ஊன்றியவை. முசிறி அவனுக்கு நான் சொல்லும் ஒரு கதை, அவ்வளவுதான்.

ஆனால் வள்ளிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆட்டத்தில் அடிக்கிறது பெரிதா, காக்கிறது பெரிதா? எனக்கு வாயில் வரவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். எழுதினால் சில சமயம் தெளியும்.

2

முதலில் அந்த ஆட்டத்தைச் சொல்கிறேன். அதற்கு எல்லே என்று பெயர். இங்கே கிராமங்களில் வருஷப் பிறப்புக்கு ஆடுவார்கள். ஒரு மூங்கில் கழி, ஒரு பந்து. பந்து என்பது காட்டு மரத்துக் காய் ஒன்றைக் காய வைத்தது. மேலே பட்டால் சுரீரென்று இருக்கும், காயம் ஆகாது. வெளியில் வட்டமாக மூன்று கம்புகள் நட்டிருக்கும். ஒருவன் பந்தைப் போட, அடிக்கிறவன் கழியால் அடித்துவிட்டு, மூன்று கம்பையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே ஓடி வரவேண்டும். வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். மூன்று பந்துக்குள் அடிக்காவிட்டால் அவன் போனான். அடித்த பந்தைத் தரையில் விழுமுன் யாராவது பிடித்துவிட்டாலும் போனான். ஓடும்போது அவன் மேல் பந்தை எறிந்து பட்டுவிட்டாலும் போனான். கம்பைத் தொட்டு நின்றுகொண்டால் மட்டும் எறியக்கூடாது.

ஒன்றை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்: பந்தைப் போடுகிறவன் எதிரி இல்லை. அடிக்கிறவனுடைய சொந்தக் கட்சிக்காரன். அவன் அடிக்கிறவனுக்கு வாகாக, மெல்ல, தூக்கிப் போட்டுக் கொடுப்பான். எங்களுக்கு அது அன்றைக்குத் தெரியாது.

3

நான் வந்த கதை உங்கள் அப்பாவுக்குத் தெரியும். கடற்கரை முகாமில் நிறுத்தி வைத்தார்கள். பெயர் கேட்டார்கள், அப்பன் பெயர் கேட்டார்கள், அம்மை குத்தினார்கள், கழுத்தில் ஒரு தகரத்தைக் கட்டிவிட்டார்கள். தகரத்தில் தோட்டத்தின் எண் இருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாங்க என்றேன். வயிற்றுப் பிழைப்புக்குப் போகிறவனிடம் வேறு பதில் இருக்காது. கப்பலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்து, "நீ எந்த ஊரு?" என்றான். அவன்தான் கருப்பையா. பிறகு அவன் தங்கை முத்தம்மாளை நான் கட்டிக்கொண்டேன். அவன் எனக்கு மச்சானானான். நான் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலைக்குப் போனேன். அவன் துரைக்குக் குதிரைக்காரன் ஆனான்.

கொழுந்தை மாடியில் பரப்பி வாடவிடும்போது ஒரு வாசம் வரும். பச்சையும் இல்லை, காய்ந்ததும் இல்லை. அந்த வாசத்தில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் நமுனுகுல மலை ஒரு நிமிஷம் இருக்கும், மறு நிமிஷம் இருக்காது. பனி வந்து மூடிவிடும். அந்த நேரத்தில் எனக்கு என்னமோ காவிரி மணலில் நிலா வெளிச்சத்தில் கிளித்தட்டு ஆடினதுதான் ஞாபகம் வரும். நீங்கள் இன்னும் ஆடுகிறீர்களா? கோட்டின் மேல் கையை விரித்துக்கொண்டு நின்று, எதிராளியைத் தாண்ட விடாமல் மறிக்கிற ஆட்டம். அதில் அடி இல்லை. மறிப்பதுதான் ஆட்டமே. நான் மறிப்பதில் கெட்டிக்காரன் என்று உங்கள் அப்பா சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் கேளுங்கள்.

4

ராசு முத்தம்மாள் வயிற்றில் இருந்த வருஷம் அது. அதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, பேதி கண்டு இறந்துபோயிருந்தது. தோட்டத்து டாக்டர் வந்து பார்த்தார். தண்ணீரால் வந்தது என்றார்.

லயத்துக்கு மேலே புதிதாகக் காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் பீலியில், அதாவது மலையிலிருந்து மூங்கில் வைத்து இறக்கின அந்தத் தண்ணீர்க் குழாயில், செம்மண் கலந்து வந்தது. குடத்தில் பிடித்து வைத்தால் அடியில் நாலு விரல் சேறு நிற்கும். முத்தம்மாள் வெள்ளைத் துணியில் வடிகட்டுவாள். துணி சிவந்துபோகும். அந்தத் துணியைப் பிழிந்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் சிங்களக் கிராமம். அங்கே பாறையிலிருந்து விழுகிற பீலி ஒன்று இருந்தது. கண்ணாடி போல தண்ணீர். அது தோட்டத்துக்குச் சேராது. கிராமத்துத் தலைவர் ஆரச்சியிடம் நானும் கருப்பையாவும் வெற்றிலை வைத்துக் கேட்டோம். அவருக்குத் தமிழ் பேச வரும்.

"உங்க துரை மேல காட்டை வெட்டினான். எங்க ஓடையிலயும் தண்ணி கொறஞ்சிருச்சு. இப்ப இருக்கிற தண்ணியையும் உங்களுக்குக் குடுக்கச் சொல்றீங்க. நல்லா இருக்கே!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். நியாயமில்லாதவனோடு சண்டை போடலாம்; இவரோடு என்ன செய்வது?

அவர் மகன் ஹீன் பண்டா பக்கத்தில் கழியைச் சீவிக்கொண்டிருந்தான். சுற்றுவட்டாரத்தில் அவனைப்போல் எல்லே அடிக்க ஆள் இல்லை என்று பெயர். அவன் சிரித்துக்கொண்டே, "அப்பா, வருஷத்துக்கு ஆட வரச் சொல்லுங்க. ஜெயிச்சா தண்ணி எடுக்கட்டும்," என்றான்.

அவன் விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஆனால் ஆரச்சி விளையாட்டுக்காரர் இல்லை. நாங்கள் வைத்த வெற்றிலையை எடுத்துக்கொண்டு, "சரி. ஜெயிச்சா காலையில உங்க பொம்பளைங்க வரலாம். தோத்தா இனிமே அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது," என்றார்.

திரும்பி வரும் வழியில் கருப்பையா கையைத் தட்டிக்கொண்டான். "மாப்ளே, தண்ணி நம்ம வீட்டுக்கு வந்துருச்சுன்னு நெனச்சுக்க."

எனக்கோ, ஒரு பிள்ளையின் உயிரை ஒரு காயின் மேல் வைத்துவிட்டு வருகிறோமே என்று இருந்தது.

5

அந்தக் காலத்தில் வருஷப் பிறப்பன்றும் தோட்டத்தில் வேலை உண்டு; அதனால் மத்தியானத்திலிருந்து விடுப்பு வேண்டும். கங்காணியிடம் கேட்டேன். அவர் கிளாக்கரிடம் போகச் சொன்னார். கிளாக்கர் ஐயாவுக்கு எல்லே என்றால் என்னவென்று தெரியாது. "பந்தும் கழியும்தானே? கிரிக்கெட்டுன்னு சொல்லிப்புடறேன்," என்றார். துரைக்கு அது பிடித்துப்போய்விட்டது. தன் ஆட்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள் என்று சந்தோஷமாகத் தலையாட்டினாராம்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. கிரிக்கெட் என்றதும் கருப்பையா எழுந்து நின்றுகொண்டான். துரையோடு பதுளைக்குக் குதிரை பிடித்துக்கொண்டு போய், அங்கே வெள்ளைக்காரர்கள் ஆடுவதை வேலியோரம் நின்று பார்த்திருக்கிறான். அதனால் அவன்தான் எங்களுக்கு வாத்தியார்.

"பந்து போடுறவன் தூரத்துலேர்ந்து ஓடியாந்து போடணும். எவ்வளவு வேகமா போடுறானோ அவ்வளவு மரியாதை."

"யாருக்கு யாரு போடுறது மச்சான்?"

"அதெல்லாம் அன்னைக்குத் தெரியும். பந்து போடுற வேலைய எங்கிட்ட வுட்டுருங்க."

விட்டுவிட்டோம். மற்றவர்களுக்கு நான் மறிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். ஸ்டோருக்குப் பின்னால் சாயங்காலம் ஆடிப் பழகினோம். ஒன்பது பேர் வேண்டும். கடைசி நாளில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. முத்தம்மாளின் தங்கை ராமாயி, "நான் வர்றேன்," என்றாள்.

கருப்பையா சிரித்தான். "நீ வந்து என்னடி பண்ணுவ? கூடையத் தூக்கிக்கிட்டு நிப்பியா?"

"கூடை இல்லாமத்தான் நிப்பேன். உனக்குக் கூடை வேணுமின்னா சொல்லு, கொண்டாறேன்."

ராமாயி கொழுந்து எடுக்கிறவள். அவள் கை செடிமேல் போவது தெரியாது; கொழுந்து கூடைக்குள் விழுவதுதான் தெரியும். வேறு ஆளும் இல்லை. வரட்டும் என்றேன்.

6

வருஷம் பிறக்கும் வேளைக்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் கிராமத்தில் யாரும் அடுப்பு மூட்டமாட்டார்கள், சாப்பிடமாட்டார்கள், ஒரு வேலையும் செய்யமாட்டார்கள். அந்த இடைநேரத்தில்தான் எல்லே. நாங்கள் ஓடையைத் தாண்டிப் போனபோது ஒரு கூரையிலும் புகை இல்லை. வீடுகளெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. சனங்கள் எல்லாம் வெளியில். பீலியோரம் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். முத்தம்மாளும் மெல்ல நடந்து வந்து அவர்கள் பக்கத்தில், ஆனால் பாயில் இல்லாமல், புல்லில் உட்கார்ந்தாள். ஆரச்சியின் மனைவி மெனிக்கே அவளைப் பார்த்தாள், வயிற்றையும் பார்த்தாள். பாயைக் கொஞ்சம் இழுத்துப் போட்டு, உட்காரச் சொல்லிக் கை காட்டினாள்.

ராமாயியைக் கண்டு ஆண்கள் சிரித்தார்கள். ஆரச்சி, "நிக்கட்டும், நிக்கட்டும்," என்றார்.

முதல் அடி எங்களுக்கு. பந்து போடுகிறவன் எங்கள் ஆள்தான் என்று ஆரச்சி சொன்னார். உடனே கருப்பையா பந்தை வாங்கிக்கொண்டு, தூரமாய்ப் போய், ஓடிவந்து, எங்கள் ஆளுக்கே சுழற்றிப் போட்டான் பாருங்கள்! கண் மூடித் திறப்பதற்குள் பந்து பின்னால் போய்விட்டது. கழி காற்றை வெட்டியது.

கிராமத்தார் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"மச்சான், மெல்லப் போடு மச்சான், நம்ம ஆளு!" என்று கத்தினேன்.

"மெல்லப் போட்டா என்ன மரியாதை? பதுளையில வந்து பாரு!"

அப்படியே ஒருவர் பின் ஒருவராக மூன்று பந்தில் வெளியே வந்தோம். நானும் வந்தேன். ராமாயி கழியைப் பிடித்து நின்றபோது அவளுக்கும் அதே வேகம்.

"அண்ணே! நான் உன் தங்கச்சி! நெனப்பு இருக்கா?"

"ஆட்டத்துல தங்கச்சி எல்லாம் இல்ல!"

அவளும் போனாள். மெனிக்கே வாயில் சேலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது எனக்குத் தெரிந்தது. முத்தம்மாள் சிரிக்கவில்லை. பீலியில் விழுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கருப்பையா அடிக்க வந்தான். அவனுக்குப் பந்து போட வேறு ஆள் வேண்டுமே! நான் போனேன். பயத்தில் எனக்குக் கை எழவில்லை. பந்து தொட்டிலில் ஆடி வருவதுபோல மெல்லப் போய் அவன் முன்னால் நின்றது. விட்டான் ஒரு அடி. பந்து ஓடையைத் தாண்டித் தேயிலைக்குள் போயிற்று. அவர்கள் தேடி எடுத்து வருவதற்குள் அவன் மூன்று கம்பையும் சுற்றி, கடைசிக் கம்பிலிருந்து நடந்தே வந்தான். வந்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

"பாத்தியா மாப்ளே! அடின்னா இதுதான் அடி!"

ஒரு ஓட்டம். எங்களுக்கு மொத்தமே அதுதான்.

7

பிறகு அவர்கள் அடிக்க, நாங்கள் காக்க.

எங்கள் ஆட்கள் எல்லாரும் கிளித்தட்டு ஆடி வளர்ந்தவர்கள். அதனால் முதலில் வந்தவன் ஓடத் தொடங்கினதும் கையை விரித்துக்கொண்டு குறுக்கே போய் நின்றார்கள். அவன் முட்டி விழுந்தான். கிராமமே எழுந்து கத்தியது. ஆரச்சி வந்து, "உடம்பால மறிக்கக்கூடாது. பந்தாலதான்," என்று சொல்லி, அவனுக்கு ஓட்டத்தைக் கொடுத்துவிட்டார். ஒன்றுக்கு ஒன்று.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் விழித்துக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை, ஆனால் மணலில் கோடு கிழித்ததுபோல ஆளுக்கு ஒரு இடத்தில் நின்றார்கள். பந்து எங்கே போனாலும் அங்கே ஒரு கை இருந்தது. ஓடினவன் முதுகில் பந்து விழுந்தது. இன்னொருவன் நடுவழியில் அடிபட்டான். இன்னொருவன் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்று நின்றான். கிராமத்தாருக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது.

அப்போதுதான் பனி இறங்கியது. மலையிலிருந்து பால் கொட்டினதுபோல வந்தது. முதலில் தேயிலை போயிற்று, பிறகு ஓடை, பிறகு தூரத்துக் கம்பு. ஹீன் பண்டா கழியோடு வந்து நின்றான். வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு வாகாகப் பந்து வந்தது. ஓங்கி, மேலே, வானத்தைப் பார்த்து அடித்தான்.

பந்து பனிக்குள் போய்விட்டது.

பிள்ளைகளே, அந்த நேரத்தை எப்படிச் சொல்வேன்? எல்லாரும் அண்ணாந்து நிற்கிறோம். மேலே வெள்ளை. கீழே வெள்ளை. பந்து இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. ஹீன் பண்டா ஓடுகிற காலடியும் கேட்கிறது, ஆளைக் காணோம். எனக்கு அது எத்தனையோ நேரம் போல இருந்தது. முத்தம்மாள் எங்கோ அந்த வெள்ளைக்குள் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குள் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, எல்லாரும் ஒரே பந்துக்காகக் காத்திருக்கிறோம் என்று தோன்றியது.

பீலிப் பக்கமிருந்து 'தப்' என்று ஒரு சத்தம்.

ஓடினோம். ராமாயி இரண்டு கையையும் வயிற்றோடு சேர்த்துக் குவித்து நின்றாள். கைக்குள் பந்து.

ஹீன் பண்டா மூச்சிரைக்க வந்தான். "தரையில விழுந்துதான் எடுத்தா! யாரு பாத்தது?"

"கையில விழுந்துச்சுங்க," என்றாள் ராமாயி.

"பனியில யாருக்குத் தெரியும்? விழுந்துருச்சு!"

அவன் சொன்னதும் உண்மைதான். எங்கள் யாருக்கும் தெரியாது. நான் ராமாயி முகத்தைப் பார்த்தேன். அவள் பந்தைக் கொடுக்காமல் இறுக்கிக்கொண்டு நின்றாள். ஆரச்சி தாடியைத் தடவினார். தன் மகனுக்கு எதிராகவும் சொல்ல முடியாது, காணாததைக் கண்டேன் என்றும் சொல்ல முடியாது.

பாயிலிருந்து மெனிக்கே எழுந்து வந்தாள். பனியில் அவள் வருவது தண்ணீருக்குள்ளிருந்து ஒருவர் எழுந்து வருவதுபோல இருந்தது. அவள் சிங்களத்தில் சொன்னதை உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன். "எனக்கு முன்னாலதான் நின்னா. தரை தொடல. கையிலதான் விழுந்துச்சு. நான் பாத்தேன்."

"அம்மா!" என்றான் ஹீன் பண்டா.

"என்ன அம்மா? போ, போய் உக்காரு."

8

இங்கேயே கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். முடியவில்லை.

இன்னும் ஒரே ஒரு ஆள் அடிக்க இருந்தான். உக்கு பண்டா என்று ஒரு ஒல்லி மனிதன். வயலில் எருமை ஓட்டுகிறவன். ஹீன் பண்டாவையே வெளியேற்றிவிட்டோம் என்கிற சந்தோஷத்தில் எங்கள் ஆட்கள் ராமாயியைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கருப்பையா அவளைத் தோளில் தூக்கவே பார்த்தான். "எல்லாரும் அவங்கவங்க எடத்துக்குப் போங்க!" என்று அவள் கத்தினாள். பாதிப் பேர் போனார்கள். பாதிப் பேர் நடந்துகொண்டிருந்தார்கள். உக்கு பண்டா பந்தை ஓங்கி அடிக்கவே இல்லை. கோழிக்குஞ்சைத் தள்ளுவதுபோலக் கழியால் மெல்லத் தட்டினான். அது உருண்டு, ஆளில்லாத இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அவன் அவசரமே இல்லாமல் மூன்று கம்பையும் சுற்றி வந்து நின்றான்.

அவர்களுக்கு இரண்டு. எங்களுக்கு ஒன்று.

அங்கேயே அண்ணனும் தங்கையும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"இன்னும் ரெண்டு அடி அடிச்சிருந்தா ஜெயிச்சிருப்போம்," என்றான் கருப்பையா.

"யாரு அடிக்கிறது? நீ பந்து போட்ட லச்சணத்துக்கு யாரு அடிப்பா? அடிச்சாத்தான் என்ன, ஒரு நிமிசம் அவங்கவங்க எடத்துல நின்னிருந்தா தோத்திருக்க மாட்டோம்ல?"

"நின்னா ஓட்டம் வருமாடி?"

"நிக்காட்டி போயிருதே!"

இன்றுவரைக்கும் அவர்கள் அதைப் பேசி முடிக்கவில்லை. கருப்பையாவுக்குத் தலை நரைத்துவிட்டது. ராமாயி லுணுகலைக் கடைக்குச் சாமான் வாங்கப் போகும் வழியிலும் அதே பேச்சுத்தான்.

என் அறிவுக்கு எட்டினதைச் சொல்கிறேன். அடிக்காமல் ஜெயித்த கட்சியை நான் பார்த்ததில்லை. அதை ராசுவிடம் ஒப்புக்கொள்வேன். ஆனால் அடிப்பது ஒருவன் காரியம். அவன் அடிக்கிற அந்த ஒரு நேரம் விழித்திருந்தால் போதும், உலகமே அவனைப் பார்க்கும். காப்பது எல்லார் காரியம். ஒன்பது பேரும் ஒரே சமயத்தில் விழித்திருக்க வேண்டும், யாரும் பார்க்காதபோதும், பந்து தன் பக்கம் வராதபோதும். ஒருவன் கண்ணயர்ந்தாலும் எட்டுப் பேர் விழித்தது வீண். அதனால் எது கஷ்டம் என்று கேட்டால் காப்பதுதான் என்பேன். எது பெரிது என்று கேட்டால், அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்கிறேன்; பதிலை நீங்களே சொல்லுங்கள்.

9

ஆரச்சி என்னிடம் வந்தார். முகத்தில் பெருமையும் இல்லை, கோபமும் இல்லை.

"நல்லா ஆடினீங்க. ஆனா சொன்னா சொன்னதுதான்."

"ஆமாங்க," என்றேன். வேறு என்ன சொல்வது? முத்தம்மாளை எழுப்பப் போனேன். அவள் எழுந்துகொள்ளவில்லை. பீலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில் பனி முத்து முத்தாக நின்றது.

அதற்குள் கிராமத்தில் ரபான் சத்தம் கிளம்பியது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து கையால் தட்டுகிற பெரிய பறை அது. நல்ல நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு கூரையிலும் புகை எழுந்தது. நின்றிருந்த மூச்சை எல்லா வீடும் ஒன்றாக விட்டதுபோல.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது வருஷம் பிறந்ததும் நல்ல நேரத்தில் தண்ணீரோடுகூடக் கொடுக்கல் வாங்கல் செய்வார்கள். ஒரு கரித்துண்டும் உப்புக்கல்லும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, முதல் குடத்தை வாங்கிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு மனிதரோடு. அன்றைக்கு யாரோடு கொடுக்கல் வாங்கல் செய்கிறார்களோ, அந்த வருஷம் முழுக்க அது அறுபடக் கூடாது. அறுபட்டால் வீட்டுக்கு ஆகாது.

மெனிக்கே குடத்தோடு பீலிக்கு வந்தாள். கரியையும் உப்பையும் போட்டாள். குடத்தை நிறைத்தாள். திரும்பி, வீட்டுக்குப் போகாமல், முத்தம்மாள் முன்னால் வந்து நின்றாள். ஒரு கையை நீட்டினாள்.

முத்தம்மாளுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. கொஞ்சநேரம் கழித்து முத்தம்மாள் இடுப்பில் செருகியிருந்த வெற்றிலையில் ஒன்றை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். மெனிக்கே அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குடத்தை இறக்கி முத்தம்மாள் மடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஆரச்சி ஓடிவந்தார். "என்ன காரியம் செய்யிற நீ? அவங்க தோத்துட்டாங்க!"

"பந்தயம் கட்டினது நீங்க. உங்க வார்த்தைய நீங்க காப்பாத்துங்க. நான் ஒண்ணும் கட்டல. இது என் கொடுக்கல் வாங்கல். முடிஞ்சிருச்சு. இனிமே வருஷம் பூரா அறுக்க முடியாது. அறுக்கணும்னா அறுங்க, வீட்டுக்கு ஆகாதது வந்தா நீங்களே பாத்துக்கங்க."

கருப்பையாவுக்குச் சிங்களம் நன்றாக வரும், சும்மா இருக்கமாட்டானே, "ஏங்க, எங்களுக்கு எதுக்கு இது?" என்று கேட்டான்.

மெனிக்கே ராமாயியைக் கை காட்டினாள். "ஒவ்வொரு வருஷமும் எம் மகன் அடிக்கிறான். யாரும் புடிச்சதில்ல. அடிச்ச கதைய வீட்டுல எல்லாருக்கும் சொல்றான். கேக்க ஆளில்லன்னா மாட்டுக்குச் சொல்றான். இன்னைக்குத்தான் வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கான். அந்த அமைதி அவ கையிலேர்ந்து எனக்கு வந்தது. அதுக்கு ஒரு குடம் தண்ணி பெருசா?"

சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் முத்தம்மாள் ஒரு குடத்தையும் ஒரு வெற்றிலையையும் எடுத்துக்கொண்டு ஓடையைத் தாண்டினாள். நானும் கூடப் போனேன். ஆரச்சி வாசலில் நின்றார். எங்களைக் கண்டதும், ஏதோ அவசரமாகப் பார்க்க வேண்டியதுபோலத் திரும்பி, வயல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். முத்தம்மாள் வெற்றிலையைப் பீலிக்கல்லின் மேல் வைத்தாள். குடத்தைப் பிடித்தாள். அது நிறையும் சத்தம் மாறி மாறி மேலே ஏறிவந்தது. நிறைந்ததும் அவள் குனிந்து உள்ளே பார்த்தாள். குடத்தின் அடி தெரிந்தது.